பெல்பாஸ்ட் நாட்குறிப்பு: சுவரின் இரண்டு பக்கத்துப் பெண்கள்

வியாழன்

லண்டனில் விமானம் மாறி வட அயர்லாந்தின் பெல்பாஸ்டில் இறங்கும்போது இரவு மணி 9. வெளியே பார்த்தால் நம்மூர் சாயங்கால வெளிச்சம். ஜூன் மாதத்தில் இங்கே 10 மணி வரை இருட்டுவதில்லையாம். வீட்டில் மகள் சோறும் மிளகு ரசமும் வைத்திருந்தாள். அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்த உணர்வே வந்தது.

மகள் இங்கே நர்ஸ். வேலைக்கு விண்ணப்பித்தபோது தனியாக ஒரு தாள் கொடுத்தார்களாம். நீங்கள் புராட்டஸ்டண்ட் சமூகமா, ரோமன் கத்தோலிக்கச் சமூகமா, இரண்டும் இல்லையா, ஒன்றில் டிக் போடுங்கள் என்று. ஒரு பக்கத்து ஆட்களுக்கே வேலை போய்விடக் கூடாது என்று 1989-இல் கொண்டுவந்த சட்டம் அப்படிக் கணக்கெடுக்கச் சொல்கிறது. "நம்ம சி.எஸ்.ஐ. எதுலம்மா வரும்?" என்று அன்றைக்கு பாளையங்கோட்டைக்கு போன் போட்டாள். புராட்டஸ்டண்டில் போடு என்றேன்.

வீட்டுக்கு வரும் சாலையிலேயே பிரஸ்பிட்டேரியன், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் என்று மூன்று புராட்டஸ்டண்ட் கோயில்கள் தனித்தனியாக நிற்கின்றன. இதையெல்லாம் நாம் 1947-லேயே சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை என்று ஒரே சபையாக்கிவிட்டோமே என்று கொஞ்சம் பெருமையாக இருந்தது. அப்புறம் எங்கள் ஊர் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்) தெரு ஞாபகம் வந்தது. பெருமை அடங்கிவிட்டது.

பேரனைப் பார்க்கத்தான் வந்தேன், சந்தேகமில்லை. கூடவே இன்னொரு ஆசையும் உண்டு. ஒவ்வொரு வருஷமும் மார்ச் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை உலக ஜெப தினம் வரும். ஒரு நாட்டுப் பெண்கள் ஆராதனை முறையை எழுதுவார்கள், உலகம் முழுக்கப் பெண்கள் அதை வைத்து ஜெபிப்பார்கள். ஆர்.சி. பெண்கள் அமைப்புகள் 1969 முதல் இதில் சேர்ந்திருக்கின்றன. 2022-க்கான ஆராதனையை எழுதியவர்கள் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துப் பெண்கள். எரேமியா 29-ஆம் அதிகாரம், "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அதை வாசித்தவள் நான். பிரிட்டனோடு இருக்க நினைத்த புராட்டஸ்டண்டுகளுக்கும் அயர்லாந்தோடு சேர நினைத்த கத்தோலிக்கர்களுக்கும் நடந்த 30 வருஷ சண்டையில் 3,500 பேருக்கு மேல் செத்துப்போன ஊர்க்காரர்கள் சமாதானம் என்று எழுதினால் அதற்கு எவ்வளவு கனம் இருக்கும் என்று அப்போதே தோன்றியது. சரி, நேரில் பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

வெள்ளி

காலையில் மருமகன் ஃபால்ஸ் ரோட்டில் இறக்கிவிட்டுப் போனார். இது கத்தோலிக்கர் பகுதி. கம்பங்களில் அயர்லாந்தின் பச்சை, வெள்ளை, ஆரஞ்சுக் கொடி. பக்கத்துச் சாலை ஷாங்கில், புராட்டஸ்டண்ட் பகுதி. அங்கே எங்கு திரும்பினாலும் பிரிட்டிஷ் கொடி. இரண்டுக்கும் நடுவில்தான் அந்தச் சுவர் இருக்கிறது.

1969 ஆகஸ்டில் கலவரக் கும்பல் கத்தோலிக்கர் குடியிருந்த பாம்பே தெரு வீடுகளைக் கொளுத்தியது. நம் பம்பாய் பேரைத் தாங்கிய ஒரு தெரு இங்கே! அதற்குப் பிறகு ராணுவம் தற்காலிகமாகப் போட்ட தடுப்பு வளர்ந்து வளர்ந்து கான்கிரீட்டாகி, அதன் மேல் தகரம் வந்து, அதற்கும் மேல் கம்பி வலை வந்து இன்றைக்கும் நிற்கிறது. குப்பார் வே பக்கம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. சுற்றுலாக்காரர்கள் மார்க்கர் பேனாவால் அன்பு, சமாதானம் என்று எழுதி போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். என் கையிலும் ஒரு டாக்ஸிக்காரர் பேனாவை நீட்டினார். வாங்கவில்லை. அங்கே குடியிருப்பவர்கள் வீட்டுச் சுவரில் நான் என்ன எழுதுவது?

பாம்பே தெருவுக்குத் திரும்ப வந்து வீடுகளின் பின்பக்கத்தைப் பார்த்தேன். புறக்கடை முழுவதையும் மேலே சாய்வாகக் கம்பி வலை போட்டு மூடியிருக்கிறார்கள், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கல்லும் பாட்டிலும் விழாமலிருக்க. ஒரு வீட்டில் அந்தக் கூண்டுக்குள்ளேயே கொடி கட்டிப் பிள்ளையின் பள்ளிச் சட்டைகளைக் காயப்போட்டிருந்தார்கள். பக்கத்தில் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று, ஒரு தொட்டியில் ரோஜா. வலையின் மேல் பழைய டென்னிஸ் பந்து ஒன்று மாட்டிக்கொண்டு கிடந்தது. எத்தனை வருஷமாகக் கிடக்கிறதோ.

சுவரிலுள்ள லனார்க் வே கேட் வழியாக ஷாங்கில் பக்கம் நடந்தேன். பகலில் திறந்திருக்கும், ராத்திரி பூட்டிவிடுவார்கள். 2021 ஏப்ரலில் இந்த இடத்தில்தான் ஒரு பஸ்ஸைக் கடத்திக் கொளுத்தினார்கள். இந்தச் சுவர்களை எல்லாம் 2023-க்குள் எடுத்துவிடுவதாக அரசாங்கம் 2013-இல் அறிவித்தது. நான் பார்த்தவரை பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன.

இந்த இரண்டு சாலைகளிலும் ஒவ்வொரு பெண்கள் மையம் இருக்கிறது. ஃபால்ஸ் மையம் 1982-இல் தொடங்கியது, ஷாங்கில் மையம் 1987-இல். குழந்தைகள் காப்பகம், சட்ட ஆலோசனை, படிப்பு வகுப்பு, புருஷனிடம் அடிவாங்கி வருகிறவளுக்கு ஒரு டீயும் ஒரு நாற்காலியும், இவ்வளவுதான் வேலை. 1980-களின் கடைசியில் மாநகராட்சி ஃபால்ஸ் மையத்தின் மானியத்தில் கை வைத்தது. மாநகராட்சியில் பெரும்பான்மை புராட்டஸ்டண்ட் கட்சிக்காரர்கள். ஷாங்கில் பெண்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கப் போவதில்லை. ஆனால் அவர்கள் போய் ஃபால்ஸ் பெண்களோடு நின்றார்கள். அந்த மையத்துக்குப் பணம் கொடு, அவர்கள் செய்வதும் நாங்கள் செய்வதும் ஒரே வேலை என்று தங்கள் ஓட்டு வாங்கிப் போனவர்களிடமே கேட்டார்கள். ஊர் ஆண்கள் துப்பாக்கியோடு அலைந்த காலம் அது. துரோகி என்ற பேர் வாங்க அது போதும். 1989-இல் நகரத்துப் பெண்கள் மையங்கள் சேர்ந்து பெண்கள் ஆதரவு வலையமைப்பு என்று ஒன்றை ஏற்படுத்திக்கொண்டன.

எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. சேர்ந்து ஜெபிப்பதை நாங்களும் வருஷத்துக்கு ஒரு தடவை செய்கிறோம். அடுத்த தெருக்காரிக்குச் சேர வேண்டிய பணத்துக்காக நம் ஆட்களையே பகைத்துக்கொள்வது வேறு. எங்கள் ஊரில் டாஸ்மாக் கடையை மாற்றச் சொல்லி ஆர்.சி. தெருப் பெண்கள் ஒரு மனு கொடுத்தார்கள், நாங்கள் ஒரு மனு கொடுத்தோம். கடை ஒன்றுதான், குடித்துவிட்டு வரும் ஆண்கள் இரண்டு தெருவிலும் இருக்கிறார்கள், மனு மட்டும் இரண்டு. கடை இன்னும் அங்கேயே இருக்கிறது.

ஷாங்கிலில் ஒரு காலி மைதானத்தில் மரப் பலகைச் சட்டங்களை மாடி மாடியாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். புராட்டஸ்டண்டுகள் தங்கள் பழைய போர் வெற்றியைக் கொண்டாட வருஷா வருஷம் ஜூலை 11 இரவு கொளுத்துவதற்காம். பத்து வயசுப் பையன்கள் உச்சியில் நின்று கையசைத்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சனி

காலை முழுக்க மழை. மத்தியானம் ஃபினகி ரோடு நார்த் போனேன்.

1976 ஆகஸ்ட் 10. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வைச் சேர்ந்த டேனி லெனன் ஓட்டிவந்த காரைத் துரத்திய பிரிட்டிஷ் ராணுவத்தினர் சுட்டதில் அவர் இறந்துபோக, கார் நடைபாதையில் ஏறியது. பிள்ளைகளோடு நடந்துபோய்க்கொண்டிருந்த ஆன் மகுவயர் படுகாயத்தோடு பிழைத்தார். 8 வயசு ஜோஆன், 2 வயசு ஜான், பிறந்து 6 வாரமான ஆண்ட்ரூ மூவரும் போய்விட்டார்கள். குற்றம் ஐ.ஆர்.ஏ. மீதா ராணுவத்தின் மீதா என்று ஊர் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கையில், விபத்தை நேரில் பார்த்த பெட்டி வில்லியம்ஸ் அன்று மாலையே ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கக் கிளம்பிவிட்டார். ஆனின் சகோதரி மெய்ரீட் காரிகனும் சேர்ந்துகொண்டார். சில நாளில் 10,000 பேர் தெருவில் நின்றார்கள். ஆகஸ்ட் 28-ஆம் தேதி ஊர்வலம் ஷாங்கில் ரோடு வழியாகவே போனது. கத்தோலிக்கப் பெண்கள் அந்தச் சாலையில் கால் வைப்பது அன்றைக்கு நினைத்தே பார்க்க முடியாத காரியம். ஷாங்கில் பெண்கள் ஓடிவந்து கன்னியாஸ்திரிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

1976-க்கான நோபல் சமாதானப் பரிசு இருவருக்கும் அடுத்த வருஷம் கிடைத்தது. அதோடு கஷ்டமும் வந்தது. பரிசுப் பணத்தை அவர்களே வைத்துக்கொண்டது பற்றி மனஸ்தாபம், தலைமைக்குள் பிளவு. 1980-இல் பெட்டி வில்லியம்ஸ் விலகினார், பிறகு அமெரிக்கா போய்விட்டார். அதே வருஷம் ஜனவரியில் ஆன் மகுவயர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மெய்ரீட் அடுத்த வருஷம் சகோதரியின் கணவரைக் கல்யாணம் செய்துகொண்டு, மீதமிருந்த பிள்ளைகளை வளர்த்தார். இதைத் தமிழ்க் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பணத்தை வைத்து அவர்களைக் குறை சொல்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒரு ஆபீஸ் ரிசப்ஷனிஸ்ட்டையும் ஒரு கம்பெனி செக்ரட்டரியையும் ஆறே வாரத்தில் உலகத் தலைவர்களாக்கிவிட்டு, அப்புறம் அவர்கள் தடுமாறுகிறார்கள் என்றால் யார் தப்பு?

அதோடு, அவர்கள் முதல் ஆட்களும் இல்லை. 1970-லேயே ரூத் ஆக்னியூ என்ற புராட்டஸ்டண்ட் பெண்ணும் மோனிகா பேட்டர்சன் என்ற கத்தோலிக்கப் பெண்ணும் சேர்ந்து 'விமன் டுகெதர்' தொடங்கியிருந்தார்கள். கலவரத்துக்கு மறுநாள் தெருவில் கிடக்கும் கண்ணாடியைக் கூட்டுவது, கல்லெறியும் பையன்களுக்கு நடுவே போய் நிற்பது இந்த மாதிரி வேலைகள். பிறகு அதற்குத் தலைமை ஏற்றவர் ஷாங்கிலைச் சேர்ந்த மெதடிஸ்ட் சேடி பேட்டர்சன். 1940-இல் லினன் ஆலைப் பெண்களின் வேலைநிறுத்தத்தை நடத்திய தொழிற்சங்கக்காரி. கூலிக்காகச் சேர்ந்து நின்று பழகியவருக்கு இது புதிதாக இருந்திருக்காது. 1976 அக்டோபரில் ஃபால்ஸ் பக்கம் ஊர்வலம் போனபோது கல்லெறி பட்டுக் காயமடைந்தார்.

ஞாயிறு

காலையில் மகளோடு அவளுடைய சபையில் ஆராதனை. பாதிக்கு மேல் தலை நரைத்தவர்கள். கடைசியில் ஹாலில் டீ, பிஸ்கட். இந்த ஊரில் டீ இல்லாமல் எந்தப் பேச்சும் தொடங்குவதில்லை.

மாலையில் குளோனார்ட் மடத்தில் நவநாள். ஃபால்ஸ் பக்கம், சுவரை ஒட்டினாற்போல இருக்கும் பெரிய கோயில் இது. ஜூனில் ஒன்பது நாளும் ஆயிரக்கணக்கில் ஜனம் வரும். புராட்டஸ்டண்ட் போதகர்களையும் பிரசங்கத்துக்கு அழைக்கிறார்கள். நான் தயங்கித் தயங்கித்தான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஆர்.சி. கோயிலுக்குள் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் போயிருக்கிறேனே தவிர நவநாளுக்குப் போனதில்லை. எங்கள் சபைப் போதகர் ஐயருக்கு இது தெரிந்தால் என்ன சொல்வாரோ. ஐயரம்மா ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

பக்கத்தில் இருந்த அம்மாள், 70 வயசுக்கு மேல் இருக்கும், எனக்காகப் பக்கம் புரட்டிக் கொடுத்தார். வெளியே வந்து பேசும்போது மோரா கைலி பற்றி அவர்தான் சொன்னார். 1975 பிப்ரவரியில் மோராவின் மகன் ஜெரார்டை, குயின்ஸ் பல்கலைக்கழக மாணவன், பூசை முடிந்து கோயிலைவிட்டு வெளியே வரும்போது வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அந்தத் தாய் பிறகு, பிள்ளையைப் பறிகொடுத்த மற்ற தாய்மார்களைத் தேடிப் போனார். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் இரண்டு பக்கமும். இப்படிச் சேர்ந்தவர்கள்தான் 'கிராஸ் குரூப்'. இவர்கள் ஊர்வலம் போகவில்லை, அறிக்கை விடவில்லை. புதிதாக ஒரு வீட்டில் சாவு விழுந்தால் இவர்கள் போவார்கள். துக்கம் கேட்கப் போகிறவள் எந்தச் சபை என்று பெற்ற வயிறு எரியும்போது யார் பார்க்கப் போகிறார்கள்?

திங்கள்

பேரனுக்குக் காய்ச்சல். கஷாயம் வைத்துக் கொடுத்தேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான். மத்தியானம் மருமகன் வீட்டில் இருந்ததால் நான் மட்டும் ஸ்டோர்மான்ட் பார்த்துவிட்டு வந்தேன். மலைமேல் வெள்ளைச் சட்டசபைக் கட்டடம், அதற்குப் போகும் சாலை ஒரு மைல் நீளம். உள்ளே சுற்றிக்காட்டக் காசு கிடையாது.

1996-இல் சமாதானப் பேச்சுக்கு யார் யார் போவது என்று முடிவுசெய்யத் தேர்தல் வைத்தார்கள். எந்தப் பெரிய கட்சியும் பெண்களைக் கணக்கில் எடுக்கவில்லை. தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கும்போது பெண்கள் கூட்டணி என்று ஒரு கட்சியைப் பெண்கள் பதிவுசெய்தார்கள். கிடைத்தது 7,731 ஓட்டு, ஒரு சதவீதம்தான். ஆனால் முதல் பத்து கட்சிகளுக்குத் தலா இரண்டு இடம் என்று விதி இருந்ததால் உள்ளே நுழைந்துவிட்டார்கள். மோனிகா மெக்வில்லியம்ஸ் கத்தோலிக்கர், பேர்ல் சேகர் புராட்டஸ்டண்ட். இந்தப் பெண்கள் பேச எழுந்தால் ஆண் உறுப்பினர்கள் சிலர் மாடு மாதிரி "ம்ம்மா" என்று கத்தினார்களாம். சபைக்குள்! இவர்கள் அதை எல்லாம் எழுதி, அவமானப்படுத்தியவர்களின் பேர்களோடு பலகையில் தொங்கவிட்டார்கள்.

1998 ஏப்ரல் 10-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. அரசியலில் பெண்களுக்குச் சம பங்கு, பாதிக்கப்பட்டவர்களுக்கு அங்கீகாரம், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளுக்கு ஊக்கம் என்று அதில் வரிகள் இருப்பதற்கு இவர்கள் விடாமல் கேட்டதும் ஒரு காரணம். மே மாத வாக்கெடுப்பில் 71 சதவீதம் பேர் சரி என்றார்கள். 2006-இல் கட்சியைக் கலைத்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடக் கதை இதற்கும் பழசு. 1970-களில் கத்தோலிக்கத் தாய்மார்கள் சிலர் பிள்ளைகளை, பெரும்பாலும் புராட்டஸ்டண்ட் பிள்ளைகள் படிக்கும் அரசாங்கப் பள்ளிக்கு அனுப்பியபோது, அந்தப் பிள்ளைகளுக்கு உறுதிப்பூசுதல் என்ற திருச்சடங்கைக் கொடுக்க ஆயர் மறுத்தார். அந்தத் தாய்மார்கள் தொடங்கிய இயக்கத்தில் புராட்டஸ்டண்ட் பெற்றோரும் சேர்ந்து, 1981-இல் லாகன் கல்லூரி என்ற பள்ளி 28 பிள்ளைகளோடு, ஒரு சாரணர் கூடத்தில் திறந்தது. இப்போது அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய. இருந்தும் பத்துப் பிள்ளையில் ஒரு பிள்ளைகூட அவற்றில் படிப்பதில்லை. சபைகள் இதில் பின்னால்தான் நின்றன. சொல்ல வருத்தமாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஆச்சரியமாக இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள், பள்ளி என்றால் சபைகளுக்கு என்ன என்று தெரியும்.

செவ்வாய்

பேரனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. எல்லோருமாகக் காரில் பாலிகாசில், வடகோடிக் கடற்கரை. அங்கே குன்றின் மேல் கோரிமீலா. ரே டேவி என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர் 1965-இல் தொடங்கிய இல்லம். இரண்டாம் உலகப் போரில் கைதியாக இருந்தவர். சண்டைக் காலத்தில் பெல்பாஸ்டின் இரண்டு பக்கத்துக் குடும்பங்களையும் இங்கே கூட்டிவந்து சேர்த்துத் தங்கவைத்தார்கள். கிராஸ் குரூப் தாய்மார்களும் வந்திருக்கிறார்கள். பாத்திரம் கழுவுவதும் சேர்ந்து, சாப்பிடுவதும் சேர்ந்து. மற்றபடி புல், காற்று, கடல். அதிக நேரம் இருக்க முடியவில்லை, காற்று ஆளைத் தள்ளுகிறது.

கடைத்தெருவில் டல்ஸ் என்று கருஞ்சிவப்புக் கடல்பாசியைக் காயவைத்துப் பொட்டலம் போட்டு விற்கிறார்கள். நெத்திலிக் கருவாட்டு வாசனை, தோல் மாதிரி மெல்ல வேண்டும். மகளுக்கும் மருமகனுக்கும் ஆகவில்லை. நானும் பேரனும் பொட்டலத்தைக் காலி செய்தோம்.

புதன்

திருநெல்வேலிக்காரி இந்த ஊருக்கு வந்துவிட்டு, நம் டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைத் தேடாமல் போக முடியுமா? டோனாவூர் அம்மா பிறந்தது மில்லைல், இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1867-இல் மாவு ஆலைக் குடும்பத்தில் பிறந்து, பெல்பாஸ்டுக்குக் குடிவந்து, லினன் ஆலைப் பெண்களைச் சேர்த்து ஞாயிறு வகுப்பு நடத்தினார். தொப்பி வாங்கக் காசில்லாமல் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு வரும் பெண்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்கள் கோயிலுக்குள் வருவது கௌரவமான குடும்பங்களுக்குப் பிடிக்கவில்லை. கூட்டமும் பெருகியது. கடைசியில் ஏமி அவர்களுக்கென்றே தகரத்தில் ஒரு கூடம் கட்டவைத்தார். ஷாங்கிலுக்கு மேலே கேம்ப்ரை தெருவில் அந்தச் சபை இன்றும் இருக்கிறது.

அந்தத் தெருவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். பை நிறைய காய்கறியோடு வந்த ஒரு பாட்டி எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். டோனாவூர் பக்கம் என்று சொன்னதும் பையைக் கீழே வைத்துவிட்டார். சின்னப் பிள்ளையிலிருந்து டோனாவூருக்காக ஜெபிக்கிறாராம். மலை எந்தப் பக்கம், மழை எந்த மாதம், எல்லாம் தெரிந்திருக்கிறது. ஏமி அம்மையார் 1951-இல் இறந்தது, கல்லறையில் கல்லறைக்கல் வேண்டாம் என்று சொன்னது வரைக்கும் சொன்னார்.

குளோனார்ட் நவநாளுக்கு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன், நாளைக்குக் கடைசி நாள், மறுபடியும் போகிறேன் என்றேன். எங்கே இருக்கிறது என்று தெரியும், உள்ளே போனதில்லை என்றார். நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாத இடம். 1976-இல் சமாதான ஊர்வலம் இந்தப் பக்கம் வந்தபோது ஒரு கன்னியாஸ்திரிக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறாராம், அவ்வளவுதான் பழக்கம்.

என்னோடு வருகிறீர்களா என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் யோசித்தேன், வந்த இடத்தில் இது நமக்குத் தேவையா என்று. அவர் முழங்காலைக் காட்டினார். மருமகன் கார் கொண்டுவருவார் என்றேன். எத்தனை மணிக்கு முடியும், கேட்டைப் பூட்டுவதற்குள் திரும்பிவிடலாமா என்று விசாரித்தார். அப்புறம், முடிந்ததும் அங்கே டீ கொடுப்பார்களா என்று கேட்டார். கொடுக்காவிட்டால் எங்கள் வீட்டுக்கு வந்து குடியுங்கள் என்று மகளின் போன் நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.